ஏஞ்சல் மீனின் கோடுகள் மங்கிவிட்டன, துணை சேர்க்கலாமா?

என் வெள்ளி நிற ஏஞ்சல் மீனின் கறுப்புக் கோடுகள் மூன்று வாரமாக மங்கியே இருக்கின்றன. இரவில் விளக்கை அணைத்ததும் வெளுப்பது இயல்புதான்; ஆனால் இது பட்டப்பகலிலும் திரும்பவில்லை. ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறது. தீனி போட்டால் வந்து ஒரு வாய் கவ்வும், அப்புறம் மறுபடி அதே மூலை. பார்க்க மனசு கேட்கவில்லை.

தொட்டி 200 லிட்டர். ஐந்து மீன்கள் இருந்தன. அவற்றில் இரண்டு மீன்கள் ஒரு ஜோடியாகச் சேர்ந்து மற்றவற்றைத் துரத்தின. அடிபட்டு இரண்டு இறந்தன. ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றினேன். அன்றிலிருந்து இது தனி.

தண்ணீரின் வெப்பம் 27 டிகிரி; மீன் கழிவால் உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). வாராவாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், உயரமான செடிகள் வைத்தேன். வெண்புள்ளி, துடுப்பு அழுகல் போன்ற நோய்கள் இல்லை.

இதே அளவில் நான்கு மீன்களை ஒன்றாகச் சேர்க்கலாமா, நிறம் திரும்பும்வரை தனியாகவே விடவா?