கார்டியாலஜி ஃபெலோஷிப்: எந்த ப்ரோக்ராம்களுக்கு விண்ணப்பித்தீர்கள்? மறக்க முடியாத இன்டர்வியூ எது?

இரவுப்பணி

போன சீசனில் அமெரிக்காவில் கார்டியாலஜி ஃபெலோஷிப்புக்கு, அதாவது ரெசிடென்சி (பொது மருத்துவ மேற்பயிற்சி) முடித்தபின் செய்யும் இதயநோய் சிறப்புப் பயிற்சிக்கு, 112 ப்ரோக்ராம்களுக்கு விண்ணப்பித்தேன். ஐசியு ரொட்டேஷன் நடுவில், இரவு இரண்டு மணிக்கு விண்ணப்ப இணையதளமான ஈராஸின் பட்டியலைத் திறந்து, விசா கொடுக்கிறார்களா என்று மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனேன். 9 இன்டர்வியூ வந்தது. மேட்ச்சும் ஆகிவிட்டது, அதாவது ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது, அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று இன்னும் மனதைக் குடைகிறது.

நடுத்தர அளவிலான பல்கலைக்கழக ப்ரோக்ராம் அது. ப்ரோக்ராம் டைரக்டர் என் ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். கீமோ மருந்தால், குறிப்பாக ஆந்த்ராசைக்ளினால், இதயம் பலவீனமாவதை எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) ஸ்ட்ரெயின், அதாவது இதயத் தசை சுருங்கும் அளவு, பார்த்து முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பதுதான் என் மூன்று வருட வேலை. அதைப் பற்றி நன்றாகவே பேசினோம். அப்புறம் கேட்டார்: "எங்கள் ப்ரோக்ராமை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?"

நல்ல கிளினிக்கல் பயிற்சி, பலவகை நோயாளிகள் என்றேன். எல்லா இடத்திலும் சொன்ன அதே பதில். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. "புற்றுநோய் சிகிச்சையால் வரும் இதயப் பாதிப்பைப் பார்க்கும் எங்கள் கார்டியோ-ஆன்காலஜி கிளினிக்கைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அப்படி ஒரு கிளினிக் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் இணையப் பக்கத்தில் இரண்டாவது பத்தியிலேயே இருக்கிறது. அன்று இரவுதான் படித்தேன்.

அந்த இடத்தை ரேங்க் லிஸ்ட்டில், அதாவது மேட்ச்சுக்குக் கொடுக்கும் விருப்ப வரிசையில், முதலில் போட்டேன். மேட்ச் ஆனது நான்காவதாகப் போட்ட இடத்தில். காகிதத்தைக் கவிழ்த்த அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆறு வருட விசா

உங்களுக்காவது "விசா உண்டா" என்று பார்க்கத் தோன்றியது. நானும் பார்த்தேன். எந்த விசா என்று பார்க்கவில்லை.

நான் ரெசிடென்சியை ஹெச்-1பி என்ற வேலை விசாவில் செய்தவன். மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 3ஐ முன்னாலேயே முடித்து, கஷ்டப்பட்டு வாங்கியது. ஒரு இன்டர்வியூ நாள் அருமையாகப் போய், எல்லோரும் நன்றி சொல்லி முடிக்கும்போது ஒருங்கிணைப்பாளர் அம்மா சாதாரணமாகக் கேட்டார்: "நீங்கள் ஜே-1 தானே?" அது பரிமாற்றப் பயிற்சி விசா. ஹெச்-1பி என்றேன். திரையில் அவர் முகம் மாறியது. "நாங்கள் ஜே-1 மட்டும்தான் ஏற்கிறோம். மாறிக்கொள்ள முடியுமா?" என்றார். வீட்டுக்கு ரயில் மாறிப் போகலாமா என்று கேட்பது போல அவ்வளவு இயல்பாக.

மாறினால், பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெய்வர் (விலக்கு) தேடி, அதற்காக மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். எந்த மூன்று வருடக் கஷ்டத்தைத் தவிர்க்க நினைத்தேனோ அதே இடத்தில் போய் நிற்பேன். பதில் சொல்ல முடியவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்றையும் அன்றுதான் கூட்டிப் பார்த்தேன். ஹெச்-1பி வரம்பு 6 வருடம். ரெசிடென்சி 3, ஜெனரல் கார்டியாலஜி 3, சரியாகத் தீர்ந்துபோகும். அதற்கு மேல் இன்டர்வென்ஷனல் (ஸ்டென்ட் போன்ற சிகிச்சைகள்) படிக்க ஒரு நாள் கூட மிச்சமில்லை. ஜே-1க்கு வரம்பு 7 வருடம். எலக்ட்ரோபிசியாலஜி (இதயத் துடிப்புக் கோளாறு சிகிச்சை) வேண்டுமென்றால் 3+3+2, அதுவும் 8 ஆகிவிடுகிறது. இதைப் பட்டியல் போடும் முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

இரண்டாம் முயற்சி

இரவுப்பணி தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 112 என்ற எண்ணைத் தவறு போல எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு மேட்ச் ஆனதே அந்த 112 ஆல்தான்.

என் கதை சின்னது. முதல் வருடம் 30 இடத்துக்கு மட்டும் விண்ணப்பித்தேன். பாதி, பாடப்புத்தகத்தில் பெயர் படித்த இடங்கள். கிளீவ்லேண்ட் கிளினிக்கில்தான் 1958இல் மேசன் சோன்ஸ் கரோனரி ஆஞ்சியோகிராமைத் தொடங்கினார், 1967இல் ஃபவலோரோ அங்கேதான் பைபாஸ் செய்தார் என்பதையெல்லாம் விண்ணப்பக் கட்டுரையில் எழுதினேன். என் ரெசிடென்சி ஒரு சமுதாய மருத்துவமனையில். எங்களிடம் கார்டியாலஜி ஃபெலோஷிப்பே கிடையாது. இன்டர்வியூ 2. டிசம்பரில் மேட்ச் இல்லை என்று வந்த அந்த மின்னஞ்சலை வார்டு ரவுண்ட்ஸ் நடுவே படித்தேன். அடுத்த படுக்கையில் இருந்த நோயாளி, "டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஒரு வருடம் ஹாஸ்பிட்டலிஸ்ட்டாக, அதாவது வார்டு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராக, வேலை பார்த்து, அடுத்த முறை 130 போட்டு, உள்ளே வந்தேன்.

ஆகவே அகலமாகத்தான் போட வேண்டும். ஆனால் போடும்போது கவனிக்க வேண்டியவை உண்டு, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ப்ரோக்ராமின் இணையப் பக்கத்தில் இப்போதைய ஃபெலோக்களின் பட்டியலைத் திறந்து, எந்த ரெசிடென்சியிலிருந்து வந்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். வருடத்துக்கு 4 இடம், அதில் மூன்று பேர் அதே மருத்துவமனை ரெசிடென்ட்கள் என்றால் உங்களுக்கு உண்மையில் இருப்பது ஒரே ஒரு இடம். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர் கடந்த மூன்று வருடத்தில் ஒருவர்கூட இல்லையென்றால், ரொம்ப வலுவான காரணம் இல்லாமல் அங்கே பணம் கட்டாதீர்கள். விசாவைப் பற்றி இணையத்தை நம்ப வேண்டாம், ஜூனிலேயே ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை. இதை மேலே எழுதியவர் செய்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் பயிற்சி. எக்கோவில் கோகாட்ஸ் (கார்டியாலஜி பயிற்சித் தர விதிமுறை) லெவல் 2 வேண்டுமென்றால் நீங்களே எடுத்த எக்கோ 150, பார்த்து அறிக்கை சொன்னது 300. நியூக்ளியர் ஸ்கேன் படிக்கும் அங்கீகாரத்துக்கு 700 மணி நேரம், அதில் வகுப்பும் ஆய்வகமும் சேர்ந்து 80. மூன்று வருடத்தில் இவை நிறைவேறுகிறதா, அல்லது ஃபெலோக்கள் கன்சல்ட் குறிப்பு எழுதியே காலம் போகிறதா? ஆன்-கால் (அவசர அழைப்புப் பணி) வீட்டிலிருந்தா, மருத்துவமனையிலேயே தங்கியா? இரவில் எல்வேட் (இதயத்துக்கு உதவும் பம்ப்) பொருத்திய நோயாளியின் அலாரம் அடித்தால் முதல் அழைப்பு யாருக்கு? எல்லாமே கேட்கக்கூடிய கேள்விகள்தான். ரேங்க் லிஸ்ட்டில் மட்டும் தந்திரம் வேண்டாம், மனதில் உள்ள வரிசையிலேயே போடுங்கள். விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படிதான் மேட்ச் முறையே அமைந்திருக்கிறது. போகவே முடியாத இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், மேட்ச் ஆனால் அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

எக்கோ அறை

இரண்டாம் முயற்சி அண்ணா, நீங்கள் சொன்ன கேள்வியைத்தான் நான் கேட்டேன். கேட்டுக்கொண்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி முடியவில்லை.

என் கணவர் இருக்கும் ஊரிலேயே ஒரு ப்ரோக்ராம். ஜூம் வழி இன்டர்வியூ. பேராசிரியர்கள் எல்லோரும் வெளியேறி, ஃபெலோக்கள் மட்டும் இருந்த அறையில் கேட்டேன்: "நீங்களே புரோப் பிடித்து எத்தனை எக்கோ எடுக்கிறீர்கள்?" மூன்றாம் வருட ஃபெலோ ஒருவர் மைக்கைத் திறந்தார். உடனே மூடினார். சில நொடிகள் யாரும் பேசவில்லை. பிறகு இன்னொருவர், "அதைச் சரிசெய்யப் பார்க்கிறோம்" என்றார்.

திறந்து மூடிய அந்த மைக்கை நான் விடையாக எடுத்துக்கொண்டேன். ஏதோ சொல்ல வந்து பயந்து நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். அந்த இடத்தை மூன்றாவதாக இறக்கினேன். முதலாவதாகப் போட்ட இடத்தில் மேட்ச் ஆனது, கணவரிடமிருந்து காரில் நான்கு மணி நேரம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

இந்த வருடம் ஏசிசி (அமெரிக்க இதயநோய் மருத்துவர்கள் அமைப்பு) மாநாட்டில் ஒரு போஸ்டர் அருகே அதே ஃபெலோவைச் சந்தித்தேன். அவருக்கு என்னை நினைவில்லை. நான்தான் அந்த நாளைச் சொல்லிக் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஸ்டெமி (கடும் மாரடைப்பு) பேஜர் அடித்திருக்கும், அன்று ஆன்-கால் எனக்குத்தான்" என்றார். எக்கோ எண்ணிக்கை அவருக்கு இரண்டாம் வருடமே முடிந்துவிட்டதாம். சரிசெய்யப் பார்ப்பதாகச் சொன்னவர் முதல் வருடக்காரர், எக்கோ ரொட்டேஷனுக்கே அப்போது போகாதவர்.

என் இடத்தில் பயிற்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மைக் நினைவுக்கு வருகிறது. மறுநாள் ஒரு மின்னஞ்சல் போட்டு அவரிடமே தனியாகக் கேட்டிருக்கலாம்.

ஆறு வருட விசா

அண்ணா, நான் மே மாதமே தொலைபேசியில் கேட்டேன். "விசா ஏற்கிறோம்" என்றுதான் சொன்னார்கள். எந்த விசா என்று நான் கேட்காதது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாம் முயற்சி

மன்னித்துவிடுங்கள் தம்பி, அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

இரவுப்பணி

எக்கோ அறை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் ஜூனியர் ஒருவர் நேற்று தன் பட்டியலை அனுப்பியிருந்தார். 96 பெயர். என்னைப் போலவே மாநில வாரியாக. 41ஆவது வரியில் அந்தக் கார்டியோ-ஆன்காலஜி ப்ரோக்ராம் இருந்தது. அவர் ஆய்வு ஹார்ட் ஃபெயிலியர், அங்கே மாற்று இதய அறுவைசிகிச்சை கிடையாது. ஏன் போட்டாய் என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். பெயரை நீக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். இரவு ஒரு மணி வரை 23 முடிந்தது. இன்று அவருக்கு டியூட்டி, மிச்சத்தை நாளை பார்க்க வேண்டும்.