கோலத்தை டிரேஸ் பண்ணி லேபிள்ல வெச்சா அது டிசைனா?

பெசியர்பித்தன்:
ஒரு வேலையை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். 100 கிராம் இட்லிப் பொடி, நிற்கிற பவுச், முன்பக்கம் சிக்குக் கோலம். கஸ்டமர் கேட்பது ஒன்றே ஒன்று: "நம்ம ஊர் வாசனை அடிக்கணும்." வழக்கமாக நடப்பது என்ன? மார்கழியில் ஒரு வாசலைப் போனில் படம் பிடிப்பது, இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இமேஜ் டிரேஸ் (படத்தைத் தானாகக் கோடாக மாற்றும் வசதி) அமுக்குவது, சிவப்பு மேல் வெள்ளையாக வைப்பது. கேட்டால் அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த இன்ஸ்பிரேஷன் என்பார்கள். என் கணக்கில் இது ஜெராக்ஸ்.

கோலத்திலிருந்து எடுக்க வேண்டியது படத்தை அல்ல, அதன் விதியை. நேர்ப்புள்ளியில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சதுரக் கட்டமாக நினையுங்கள். கட்டத்தின் நாலு பக்கமும் தனித்தனியாகத் திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம். திறந்த பக்கத்தில் கோடு அடுத்த புள்ளிக்குத் தாண்டும், மூடிய பக்கத்தில் வளைந்து திரும்பும். மொத்தம் 16 வகை. திருப்பிப் போட்டால் ஒன்றாகிவிடுவதைக் கழித்தால் 6 வடிவம்தான்: நாலும் மூடினால் வட்டம், ஒன்று திறந்தால் துளி, எதிரெதிரே இரண்டு திறந்தால் கண், பக்கத்துப் பக்கத்து இரண்டு, மூன்று, நாலும் திறந்தால் சாய்சதுரம்.

10 மிமீ கட்டம் என்றால் அளவு இப்படி: திறந்த பக்கத்தின் நடுவில் கோடு சரியாக 45 டிகிரியில் தாண்ட வேண்டும். வளைவின் ஆரம் 3.54 மிமீ. கால் வட்டத்துக்கு ஹேண்டில் (வளைவை இழுத்துப் பிடிக்கும் கைப்பிடிக் கோடு) நீளம் 1.95 மிமீ. இந்த 45 டிகிரி கொஞ்சம் பிசகினாலும் இரண்டு கட்டம் சேரும் இடத்தில் முட்டி தட்டும். கண்ணால் பார்த்து டிரேஸ் பண்ணிய கோலங்களில் அந்த முட்டியைத்தான் பார்க்கிறோம்.

இந்த ஆறையும் சிம்பலாக, அதாவது திரும்பத் திரும்ப எடுத்து வைக்கும் அச்சாகச் செய்து வைத்தால் இட்லிப் பொடிக்கு ஒன்று, பருப்புப் பொடிக்கு ஒன்று என்று ஒரே குடும்பமாக எத்தனை கோலம் வேண்டுமானாலும் போடலாம். இன்னொன்று: உள்ளே எல்லாப் பக்கமும் திறந்திருந்தால், வரிசை எண்ணிக்கைக்கும் நிரல் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை தனிக் கோடு வரும். 5க்கு 4 போட்டால் ஒரே கோடு. 6க்கு 4 போட்டால் இரண்டு. 5க்கு 5 போட்டால் ஐந்து. பள்ளிக்கூடக் கணக்கு லேபிளுக்கு உதவும் என்று யார் நினைத்தார்கள்!

மாக்கோலம்:
கணக்கு சரி சார். ஆனா அந்த ஆறு சிம்பலையும் ஒட்டி வெச்சா வர்றது கோலம் இல்ல, பாத்ரூம் டைல்ஸ்.

கோலத்தைக் கோலமா காட்டுறது கோட்டோட தடிமன். உலர்ந்த மாவுல போடுறப்போ நேர்க்கோட்டுல கை வேகமா போகும், மாவு கம்மியா விழும். வளைவுல கை நிதானிக்கும், மாவு கூடும், கோடு தடிக்கும். பிடி மாவு தீர்ந்த இடத்துல கோடு நின்னு, அடுத்த பிடி அது மேலயே ஏறித் தொடங்கும், அங்க ஒரு சின்ன மேடு. ஈரமாக்கோலம்னா வேற கதை. அரிசி மாவுக் கரைசல்ல நனைச்ச துணியைப் பிழியப் பிழிய விரல் வழியா இறங்கும். பிழிஞ்ச உடனே தடிமன், போகப் போக மெலிசு, மறுபடி தடிமன். இது எல்லாத்தையும் வழிச்சுப் போட்டுட்டு ஒரே ஸ்ட்ரோக்குல 45 டிகிரி போட்டா பார்க்கிறவங்களுக்கு வாசல் ஞாபகம் எங்கிருந்து வரும்? டிரேஸ் பண்றவனை ஜெராக்ஸுன்னீங்க. நீங்க போடுறது கிராஃப் நோட்டு.

படம் எடுக்கறதுலயும் முறை இருக்கு. போனோட ஒய்டு லென்ஸ்ல கிட்ட நின்னு எடுத்தா ஓரப் புள்ளிகள் இழுத்துக்கும். 2 மடங்கு ஜூம் வெச்சு, ரெண்டு படி மேல ஏறி நின்னு, நேர் மேலேருந்து எடுக்கணும். கோலத்துக்குப் பக்கத்துல ஒரு ஏ4 தாள் போடுங்க. அப்புறம் பெர்ஸ்பெக்டிவ் திருத்தும்போது அந்தத் தாள் 210க்கு 297 விகிதத்துக்கு வர்ற வரைக்கும் இழுத்தா போதும். அந்த வெள்ளைத் தாளே ஒயிட் பேலன்ஸுக்கும் ஆச்சு. காலை வெயில்ல ஆட்டோவுல விட்டா காவி ஆரஞ்சாகிடும், அதுலேருந்து ஐட்ராப்பர்ல நிறம் உறிஞ்சுறது வீண்.

பெசியர்பித்தன்:
தடிமன் வாதத்தை ஏற்கிறேன், ஆனால் அதற்கும் டிரேஸ் வேண்டாம். சட்டகம் விதிப்படி இருக்கட்டும். கோட்டின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றும் வித் டூலில் வளைவின் உச்சியில் 120 சதவீதம், நேர்க்கோட்டின் நடுவில் 90 என்று வைத்தால் முடிந்தது. இமேஜ் டிரேஸில் தரையின் சிமென்ட் சொரசொரப்பும் மாவோடு சேர்ந்து வரும். ஒரு வட்டத்துக்கு நாலு நோடு (கோட்டைத் தாங்கும் புள்ளி) போதும் என்ற இடத்தில் அறுபது நோடு நிற்கும். பிறகு ஒரு வளைவைத் திருத்த முடியாது, குலுங்கும்.

மாக்கோலம்:
எல்லா வளைவுலயும் அதே 120ன்னா அதுவும் மெஷின்தான். மனுஷக் கை அப்படி ஒழுங்கா தப்பு பண்ணாது.

நாலுகலர்:
ரெண்டு பேரும் ஸ்கிரீன்லயே சண்டை போடுறீங்க. பிரஸ்ஸுக்கு வாங்க.

பவுச் முன்பக்கத்துல கோலத்துக்குக் கிடைக்கிற அகலம் 15 மிமீன்னு வைங்க. 5 புள்ளின்னா ஒரு கட்டம் 3 மிமீ. பெசியர் சொன்ன அளவுப்படி அடுத்தடுத்த ரெண்டு வட்டக் கோட்டுக்கு நடுவுல 0.88 மிமீ. கோடு 0.4 மிமீ போட்டா வெறும் இடைவெளி 0.48. இது நிக்கும். மாக்கோலம் சொல்ற மாதிரி வளைவுல தடிச்சா, தடிக்கிற இடமும் நெருங்குற இடமும் ஒண்ணேதான், அங்கதான் அடைக்கும். அதனால கைத்தடிமன் வேணும்னா புள்ளியைக் குறைங்க, 3க்கு 3 போதும். 7 புள்ளிக் கோலத்தை 15 மிமீல கேட்காதீங்க.

அடுத்தது நிறம். சிவப்புக்கு மெஜந்தா 100 மஞ்சள் 100 போட்டு அதுல வெள்ளைக் கோடு வெட்டுவீங்க. ஃபிலிம் பிரிண்டிங்கில ரெண்டு கலரும் ஒண்ணுக்கொண்ணு 0.2 மிமீ நகர்ந்தா 0.4 மிமீ கோட்டுல பாதி போச்சு. ஒரு ஓரம் மஞ்சள், ஒரு ஓரம் ரோஸ். காவியைத் தனி ஸ்பாட் கலரா, அதாவது முன்னாடியே கலந்த ஒரே மையா வைங்க. ஒரே சிலிண்டர் (கலருக்கு ஒண்ணா வெட்டுற அச்சு உருளை), எது நகர்ந்தாலும் கோடு கெடாது. லேமினேட் பவுச்சுல வெளி ஃபிலிமோட உட்பக்கம்தான் கண்ணாடி பிம்பமா அச்சாகும், கலர் எல்லாம் முடிஞ்சு வெள்ளை கடைசியா வரும். அதனால வெள்ளைக் கோலத்தை வெள்ளையா வரைய வேண்டாம், காவியில ஓட்டை விட்டா பின்னாடி வெள்ளை தெரியும்.

ஆயிரம் பவுச்சுக்கு எவனும் சிலிண்டர் வெட்ட மாட்டான், ரெடிமேட் பவுச்சு வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவான். அப்போ வேற எச்சரிக்கை: கோலத்தை வெட்டுற ஓரத்துக்குச் சரியா பார்டரா வைக்காதீங்க. கட்டிங் அரை மிமீ தள்ளினாலே ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் குண்டு. ஓரத்துலேருந்து 3 மிமீ உள்ள வைங்க, பின்னணி நிறம் மட்டும் 3 மிமீ வெளிய போகட்டும்.

ஈரச்சுவர்:
கோலத்தில் மட்டுமே நிற்கிறீர்கள். பொடியின் பெயரைச் சுவர் விளம்பர எழுத்தில் வைக்கலாமா என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. அங்கே மாக்கோலத்தின் கட்சி இன்னும் பலவீனம்.

போர்டு எழுதும் பெயின்டர் முதலில் சுண்ணாம்பு நூலால் மேல்கோடு கீழ்கோடு அடிக்கிறார், பிறகு சாக்பீஸில் எழுத்துகளை இடம் பிரிக்கிறார். 'இட்லிப்பொடி' என்று எழுதினால் 'ட்', 'பொ' எல்லாம் அந்த அகலத்துக்கு ஏற்ப நெருங்கும், விரியும். கடைசி 'டி'யின் மேல்வளைவு மிச்ச இடத்தை நிரப்ப நீளும். அந்த வளைவு அந்தப் பலகைக்கு மட்டுமே சொந்தம். அதை டிரேஸ் பண்ணி எழுத்துருவாக்கினால் 'டி' வரும் இடமெல்லாம் அதே வளைவு திரும்பத் திரும்ப வரும், இரண்டாவது முறையே குட்டு உடைந்துவிடும். தவிர ஒரு போர்டில் கிடைப்பது எட்டு பத்து எழுத்து. தமிழுக்கு உகர, ஊகார உயிர்மெய் வடிவம் மட்டுமே 36 வரைய வேண்டும். அவற்றை எங்கே போய் டிரேஸ் பண்ணுவது? பிரஷ்ஷின் அகலம் என்ன, எந்தக் கோணத்தில் பிடித்தார், எங்கே தூக்கினார் என்று படித்தால்தான் மீதியை வரைய முடியும். ஆக, விதிதான்.

பழைய போர்டுகளில் ணை, லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அழகுதான். ஆனால் யூனிகோடில் அதற்குத் தனி எண் இல்லை. ஃபான்ட்டில் மாற்று கிளிஃப் (அதே எழுத்துக்கு இன்னொரு வடிவம்) இருந்தால் உண்டு, இல்லையேல் கையால் வரைய வேண்டும். டைப் பண்ணுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை: 'பொ' உடைந்து கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு வந்தால் ஃபான்ட்டைத் திட்டுவதற்கு முன்னால் மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கம்போசர் (இந்திய எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாக்கோலம்:
எழுத்து விஷயத்துல ஒத்துக்கறேன். ஃபான்ட் வேற, ஒரு பேரை மட்டும் லோகோவா எழுதுறது வேற. லோகோவுக்கு எட்டு எழுத்து போதுமே. அதுக்குப் பெயின்டரையே கூப்பிட்டு ஹார்ட்போர்டுல எனாமல்ல எழுத வெச்சு, காஞ்சதும் நிழல் விழாம நேரா படம் எடுத்து, கையாலயே பாத் போட்டா விதியும் கிடைச்சுது, கையும் கிடைச்சுது. சுவர்லேருந்து சுட வேண்டிய அவசியமே இல்ல.

ஈரச்சுவர்:
சுடுவது என்ற சொல் சரியான இடத்தில் வந்தது. பொது இடத்தில் இருப்பதால் யாரும் எடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பம், கைவினைக் கலைப்பொருள் ஆகியவற்றை வரையவும் படமெடுக்கவும் விலக்கு தருகிறது. கட்டடத்துக்கும் உண்டு. ஓவியம் அந்த வரிசையில் இல்லை. சுவரில் வரைந்தது ஓவியம் என்றால் வரைந்தவர் காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை இருக்கிறது. முறையாகச் செய்த முன்மாதிரியும் உண்டு: ஹனிஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட் டைப் திட்டத்தில் தெருப் பெயின்டர்களின் எழுத்து ஃபான்ட்டானபோது ஃபான்ட்டின் பெயரே பெயின்டரின் பெயர்தான்.

பெசியர்பித்தன்:
பாரம்பரியக் கோலத்துக்குத் தனி உரிமையாளர் கிடையாது. ஆனால் பின்டரெஸ்டில் இருக்கும் கோலப் புகைப்படத்துக்கு எடுத்தவர் உண்டு. தீப்பெட்டி லேபிளை ஸ்கேன் பண்ணி பூனையையும் சேவலையும் எடுத்துப் போடுகிறவர்களும் கவனிக்கவும், அது பதிவான டிரேட்மார்க்காக இருக்கலாம்.

சும்மாபார்ப்பவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் தெரு தெரு என்கிறீர்கள். தெருவில் இப்போது தொங்குவது ஃப்ளெக்ஸ். அதில் இருக்கும் பூ, ரிப்பன், மயில் எல்லாம் நெட்டில் இறக்கிய வெக்டர். வாசலில் பாதி ஸ்டிக்கர் கோலம், மீதி யூடியூப் பார்த்துப் போட்டது. தெருவிலிருந்து எடுத்தாலும் கடைசியில் நெட்டிலிருந்து எடுத்ததாகத்தானே ஆகிறது?

மாக்கோலம்:
நியாயமான கேள்வி. அதனாலதான் முடிஞ்ச கோலத்தைப் படம் எடுக்காம, போடும்போது வீடியோ எடுக்கச் சொல்றது. எந்தப் புள்ளியில தொடங்கினாங்க, எங்க நின்னாங்க, எதை அழிச்சாங்க. அது ஸ்டிக்கர்ல கிடைக்காது.

பெசியர்பித்தன்:
அது விதியைப் படிப்பதுதானே அம்மணி? இதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன்.

மாக்கோலம்:
இல்ல. நீங்க சொன்னது புள்ளியோட விதி. நான் சொல்றது கையோட விதி. உங்க ஆறு சிம்பலுக்கும் ஒவ்வொண்ணுக்கு மூணு மாற்று வரைஞ்சு, பக்கத்துல பக்கத்துல ஒரே மாற்று வராம வெச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம். 3க்கு 3தான், ஒன்பது கட்டம்.

பெசியர்பித்தன்:
18 சிம்பல். செய்யலாம். ஆனால் 45 டிகிரியை விட மாட்டேன், சேரும் இடம் எல்லா மாற்றிலும் ஒன்றாகத்தான் இருக்கும். தடிமன் மட்டும் மாறும், அதுவும் சேருமிடத்தில் 0.4க்குத் திரும்பிவிடும்.

நாலுகலர்:
செஞ்சு முடிச்சதும் 15 மிமீ அளவுலயே பிரிண்ட் எடுத்துப் பாருங்க, 400 சதவீத ஜூம்ல இல்ல. ஃபைல் அனுப்பும்போது ஸ்ட்ரோக்கை எல்லாம் அவுட்லைன் ஆக்கிடுங்க, அதாவது கோட்டை நிரப்பின வடிவமா மாத்திடுங்க. அப்படி ஆக்காம, 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ்' (அளவோட கோட்டுத் தடிமனும் சேர்ந்து மாறும்) டிக்கும் இல்லாம ஏ4ல வரைஞ்சதைச் சின்னதாக்கி அனுப்பினா கோலம் வராது, ஒரு வெள்ளை உருண்டை வரும்.