லினக்ஸுக்கு விலை குறைந்த, நம்பகமான லேன் கார்டு எது?

கேள்வி:
வணக்கம். பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, வீட்டில் எல்லோருடைய படங்களையும் கோப்புகளையும் சேர்த்து வைக்கும் சர்வராக மாற்றியிருக்கிறேன். மதர்போர்டில் உள்ள லேன் போர்ட் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) சரியில்லை, கேபிளை ஆட்டினால் இணைப்பு வருகிறது, கையை எடுத்தால் போகிறது. கார்டு வாங்கிப் போடலாம் என்று தேடினால், அதே ஜிகாபிட் வேகத்துக்கு விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. பெட்டியில் லினக்ஸ் ஆதரவு உண்டு என்று அச்சிட்டிருந்ததை நம்பி முன்பு ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கி ஏமாந்திருக்கிறேன். கூட வந்த குறுந்தகட்டில் இருந்த டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய 2.6 பதிப்புக் காலத்தது, கம்பைலே ஆகவில்லை. இந்த முறை ஒரே தடவையில் சரியாக வாங்க வேண்டும். ராத்திரி பேக்கப் ஓடும்போது நடுவில் அறுந்து போகாமல் இருந்தால் போதும்.

பதில் 1:
கார்டு வாங்குவதற்கு முன்னால் வேறு கேபிள் ஒன்றைச் செருகிப் பார்த்துவிடுங்கள். ஆட்டினால் வருகிறது என்றால் கேபிள் முனையில் கிளிப் உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஜிகாபிட்டுக்கு கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு இருப்பது போலவே தெரியும், வேகம் மட்டும் 100க்கு இறங்கிவிடலாம். ஈத்டூல் (ethtool) கட்டளை கொடுத்தால் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும்.

பதில் 2:
கேபிள் நன்றாக இருந்தால் கார்டுக்கு வருவோம். பெட்டி மேல் இருக்கும் பெயரை மறந்துவிட்டு உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், ஏனென்றால் கெர்னல் அடையாளம் காண்பது சிப்பைத்தான். மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு சிப்பை மட்டும் மாற்றி விற்பது சகஜம். டிபி-லிங்க் 722என் என்ற யுஎஸ்பி வைஃபையில் முதல் பதிப்பு ஏதெரோஸ் சிப், லினக்ஸில் செருகியவுடன் ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப் வந்துவிட்டது. பழைய பாராட்டுகளைப் படித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் திண்டாடினார்கள்.

கம்பி இணைப்பில் இந்தத் தலைவலி குறைவு. என் முதல் தேர்வு இன்டெல் 82574எல் அல்லது ஐ210. முதலாவதற்கு இ1000இ, இரண்டாவதற்கு ஐஜிபி, இரண்டு டிரைவருமே கெர்னலோடு வருபவை. விலை இன்னும் குறைய வேண்டும் என்றால் ரியல்டெக் 8111, அதற்கு ஆர்8169 டிரைவர், அதுவும் கெர்னலிலேயே இருக்கிறது. ரியல்டெக் என்றாலே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, வீட்டுக் கோப்பு சர்வருக்கு அது தாராளமாகப் போதும். எப்போதாவது இணைப்பு விட்டுவிட்டு வந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸின் மின்சேமிப்பு வசதியான ஏஎஸ்பிஎம்மை (ASPM) அணைத்துப் பாருங்கள், பல பேருக்கு அதில் சரியாகியிருக்கிறது.

இன்னொன்று, இன்டெல் பெயரில் போலி கார்டுகளும் சுற்றுகின்றன. நம்ப முடியாத விலையில் புதிது என்று வருவதை விட, சர்வரிலிருந்து கழற்றிய பழைய அசல் கார்டு மேல்.

கேட்டவர்:
நன்றி நண்பர்களே. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்துவிட்டேன், கோளாறு போர்ட்டில்தான். என் மதர்போர்டில் பழைய பிசிஐ ஸ்லாட் ஒன்றும் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்றும் காலியாக இருக்கின்றன. எதில் போடுவது? பெட்டியைத் திறக்காமல் யுஎஸ்பி லேன் போட்டால் ஆகாதா?

பதில் 3:
சின்ன எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடுங்கள். பழைய பிசிஐயின் மொத்த வேகமே நொடிக்கு 133 மெகாபைட், அதையும் அதே பஸ்ஸில் (தரவு செல்லும் பொதுப் பாதையில்) உள்ள மற்ற கார்டுகளோடு பங்கு போட வேண்டும். ஜிகாபிட்டுக்கு மட்டும் 125 மெகாபைட் ஆகிறது. எக்ஸ்பிரஸ் முதல் தலைமுறையாக இருந்தாலும் ஒரு தடத்துக்கு (lane) ஒரு திசையில் 250 மெகாபைட் கிடைக்கும்.

யுஎஸ்பியில் ரியல்டெக் 8153 சிப் நன்றாகவே ஓடும், என் மடிக்கணினிக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரி முழுக்க ஓடும் சர்வருக்கு அதை நம்ப மாட்டேன், லேசாகக் கை பட்டாலே கழன்றுவிடும். 2.5 ஜிகாபிட் ஆசை வந்தால் ரியல்டெக் 8125 பாருங்கள், டெபியன் 12இன் 6.1 கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்கிறது. இன்டெல் ஐ225 வாங்கினால் ஆரம்பகாலப் பதிப்பாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் வன்பொருளிலேயே குறை இருந்தது.

கார்டு வந்ததும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு என்என்கே சேர்த்துக் (lspci -nnk) கொடுங்கள், சிப்பின் எண்ணும் அதை ஓட்டும் டிரைவரும் தெரியும். இன்டெல் என்றால் எண் 8086 என்று தொடங்கும். சொன்ன சிப் இல்லையென்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேட்டவர்:
பழைய 82574எல் ஒன்று கிடைத்தது, சின்ன ஸ்லாட்டில் போட்டேன். எல்எஸ்பிசிஐ 8086 என்றுதான் காட்டுகிறது, டிரைவர் எதுவும் நான் நிறுவவில்லை. முதலில் இணைப்பே வராமல் பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஸ்லாட் மாறியதால் லினக்ஸ் லேன் இணைப்புக்குக் கொடுக்கும் இன்டர்ஃபேஸ் பெயரும் மாறியிருக்கிறது, நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருந்தது. அதைத் திருத்தியதும் வந்துவிட்டது. மூன்று இரவுகளாக பேக்கப் முழுதாக முடிகிறது, ஈத்டூலில் பிழைக் கணக்கு எல்லாம் பூஜ்ஜியம்.