சுங்கை சிப்புட்டிலிருந்து அனிமேஷன் படிக்கப் போனவர்கள்: அனுபவப் பகிர்வு

வணக்கம். போன வாரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "பாப்பா, நீதானே கார்ட்டூன் படிச்ச பிள்ளை? என் மவன் படிவம் அஞ்சு முடிக்கப் போறான். அதைத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். என்னா செய்யிறது?" என்று கேட்டார். கையில் காய்கறிப் பையோடு நின்றபடி ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. முழுசாக எழுதிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து இந்தத் துறைக்குப் போன மற்றவர்களும் எழுதுங்கள்.

நான் பிறந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். அம்மா மட்டும் பால்மரத்தை விடவில்லை. ஒரு சீனரின் சின்னத் தோட்டத்தில் பாதிக்குப் பாதி பேசிப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா லோரி ஓட்டினார். 2005இல் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்தேன், அடுத்த ஆண்டே கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் அனிமேஷன் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. "படம் வரைஞ்சா யாரு சோறு போடுவா?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் பாரத்தை நான் நீட்டியபோது, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியில் முதல் ஆறு மாதம் கணினியைத் தொடவே விடவில்லை. அடியில் விளக்கு எரியும் மேசை, தாள் நகராமல் பிடிக்கக் குமிழ் வைத்த பட்டை, கட்டுக் கட்டாகத் தாள். முதல் பயிற்சி, ஒரு பந்து துள்ளுவது. சினிமாவுக்கு விநாடிக்கு 24 பிரேம், அதாவது திரையில் ஓடும் தனித்தனிக் கட்டம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். கேட்கச் சுலபம். பந்து உச்சிக்குப் போகும்போது படங்கள் நெருங்கி வர வேண்டும், தரைக்கு வரும்போது விலக வேண்டும். அது ரப்பர்ப் பந்தா இரும்புக் குண்டா என்பதை அந்த இடைவெளிதான் சொல்லும். அந்தப் பந்தை நான் பதினொரு தடவை வரைந்தேன். மென்பொருள் கற்றுக்கொள்ள வந்ததாக நினைத்த சிலர் அந்த ஆறு மாதத்திலேயே கிளம்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சேரும்போது யாரும் அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு நாள் விரிவுரையாளர் பழைய குறும்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். 'ஹிகாயத் சாங் கான்சில்'. நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம். 1978இல் அரசாங்கத் திரைப்பட நிறுவனமான பிலிம் நெகாராவில் உருவாகி, 1983இல்தான் மக்கள் கண்ணுக்கு வந்தது. செய்தவர் பெயர் ஆனந்தம் சேவியர். இருட்டு வகுப்பில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நமக்கு இது புதுசு, நம் ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார்.

இப்போது சொல்லப்போவதைத்தான் அந்த அம்மாவிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் 'சுமையோடு நடப்பவர்' என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நடைக்கு நான்கு நிலை: கால் ஊன்றுவது, உடம்பு தாழ்வது, ஒரு கால் மறு காலைக் கடப்பது, உடம்பு எழும்புவது. வகுப்பில் பலர் மூட்டை தூக்கும் ஆளை வரைந்தார்கள். நான் அம்மாவை வரைந்தேன். தோளில் காண்டா என்ற சுமைக்கழி, அதன் முன்னும் பின்னும் பால் வாளி. விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "தலை ஏறி இறங்கவே இல்லை. இது நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது" என்றார். பாடப்படி அவர் சொன்னது சரி. ஆனால் சின்ன வயதில் நான் பார்த்த அம்மா அப்படித்தான் நடந்தார். இரண்டில் எது உண்மை என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

அந்த வாரமே கல்லூரி வீடியோ கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அம்மா அப்போது மோட்டாரில்தான் பால் ஏற்றிக்கொண்டிருந்தார். காண்டா வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு மேல் தூசி படிந்து கிடந்தது. "என்னாத்துக்குடி இப்ப இது?" என்று கேட்டுக்கொண்டே அதைத் துடைத்தார். இரண்டு வாளியிலும் தண்ணீர் பிடித்தார். தளும்பாமல் இருக்க வாழை இலையைக் கிழித்து மேலே மிதக்கவிட்டார். குனிந்து தோளைக் கொடுத்து எழுந்தார். எழுந்த கணத்தில் எனக்குத் தெரிந்த அம்மா போய், பால்மர நிரையில் நடக்கும் ஆள் வந்துவிட்டார்.

நம் நாட்டு வீடியோவுக்கு விநாடிக்கு 25 பிரேம். விடுதி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். வெறுங்கையோடு ஓர் அடிக்கு 13 பிரேம் எடுத்தவர் சுமையோடு 9 பிரேமில் வைத்தார். சின்ன அடி, வேக அடி. முழங்கால் ஒரு தடவைகூட முழுசாக நிமிரவில்லை. தலை நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில் போனது. ஏறி இறங்க வேண்டிய அசைவெல்லாம் காண்டாவின் இரண்டு நுனிக்கும் போயிருந்தது. நுனி தாழ்ந்து இரண்டு பிரேம் கழித்துத்தான் வாளி தாழ்ந்தது. ஒரு கை முன்வாளிக் கயிற்றை ஆடவிடாமல் பிடித்திருந்தது.

என் பிழை அப்போதுதான் பிடிபட்டது. அம்மாவின் தலையைச் சரியாக வரைந்திருந்தேன், காண்டாவை இரும்புக் கம்பி மாதிரி விறைப்பாக விட்டிருந்தேன். எடை போய்ச் சேர இடமில்லை. அதனால்தான் விரிவுரையாளர் கண்ணுக்கு வழுக்கியது. திரும்ப வரைந்து, வீடியோவோடு கொண்டு போனேன். அவர் நான்கைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தார். ஏன் தலை ஆடவில்லை என்று கேட்டார். அம்மா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னதையே சொன்னேன்: "சிந்துறது பூரா நம்ம கூலி." அடுத்த வகுப்புக்குக் காட்ட அந்த வீடியோவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வேலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 நோன்பு மாதத்தில் 'உப்பின் இப்பின்' கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சிக்கு வந்த பிறகுதான் நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் தாமானுக்கே விளங்கியது. நான் படித்து முடித்த 2009இல் அதே குழுவின் 'கெங்' வந்தது, நாட்டின் முதல் முப்பரிமாண முழுநீளப் படம். காலம் எனக்குச் சாதகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முதல் சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இங்கே செய்து அனுப்பும் வேலை. ஒரு நாளைக்கு ஐந்து விநாடி அசைவு முடிக்க வேண்டும். ஐந்து விநாடி என்றால் ஒரு பாத்திரம் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காருவதற்குள் தீர்ந்துவிடும். செய்த வேலையைத் தொடர் வெளியாகும் வரை யாருக்கும் காட்டக்கூடாது என்று ஒப்பந்தம். அப்படி இரண்டு ஆண்டு உழைத்த ஒரு தொடர் வெளியாகவே இல்லை. இன்றுவரை அதில் ஒரு விநாடியைக்கூட, வேலை கேட்கும்போது காட்டும் என் ஷோரீலில் சேர்க்க முடியவில்லை.

இன்னோர் இடத்தில் மூன்று மாதச் சம்பளம் நின்றது. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகத் தயங்கினேன், இந்தத் துறை சின்னது, பெயர் கெட்டுவிடும் என்று. அம்மாதான் கோபப்பட்டார். "வெட்டுன பாலுக்குக் காசு கேக்குறது என்னா தப்பு?" போனேன். பணம் பாதி வந்தது. 2020இல் ஊருக்கே திரும்பினேன். வீட்டிலிருந்து ஸ்டோரிபோர்டு (காட்சி வரிசைப் படங்கள்) வரைந்து அனுப்புகிறேன், பாட வீடியோக்களுக்கு அசைவு செய்கிறேன். தீபாவளி நெருங்கும் மாதங்களில் விளம்பர வேலை வரும். முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

*

அக்கா, வணக்கம். நான் ரயில் நிலையத்துப் பக்கம். கணினி விளையாட்டு நிறுவனம் ஒன்றுக்கு முப்பரிமாணப் பின்னணி செய்கிறேன். என் கதை வேறு மாதிரி.

நான் கல்லூரியை முடிக்கவில்லை. மூன்றாவது செமஸ்டரில் அப்பா படுத்துவிட்டார், நான் ஈப்போவில் ஓர் அச்சுக்கடையில் பேனர் வடிவமைக்கச் சேர்ந்தேன். ராத்திரியில் பிளெண்டர் பழகினேன். காசு கொடுக்கத் தேவையில்லாத மென்பொருள் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்போதெல்லாம் 'அதெல்லாம் விளையாட்டுக்கு, தொழிலுக்கு ஆகாது' என்பார்கள். பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' என்ற லாத்வியா நாட்டுப் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியபோது அந்தச் செய்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

நேர்முகத் தேர்வில் நடந்ததை, படிவம் ஐந்து முடிக்கப்போகும் அந்தத் தம்பிக்காக எழுதுகிறேன். நான் ஒரு லயத்து அடுப்படியைச் செய்து கொண்டு போயிருந்தேன். என் பாட்டி வீடு. கரி ஏறிய பலகைச் சுவர், விறகு, கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழும் வெளிச்சம். படத்தைப் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கேட்டவர் படத்தை ஐந்து விநாடி பார்த்தார். பிறகு, "மூலக் கோப்பைத் திற" என்றார். எந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறேன், ஒரே விறகைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறேனா, ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்து கோப்பின் எடையைக் கூட்டியிருக்கிறேனா என்று அரை மணி நேரம் அதையே துருவினார். எனக்குப் பின்னால் இன்னொருவர் அந்தக் கோப்பைத் திறந்து வேலை செய்ய முடியுமா என்பதுதான் அவருக்குத் தேவை. அச்சுக்கடையில் முதலாளி திட்டித் திட்டிக் கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கப் பழக்கியிருந்தார். வேலை கிடைத்தது. சான்றிதழைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஆனாலும் கல்லூரியை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு அக்கா. நீங்கள் பந்தை பதினொரு தடவை வரைந்தீர்களே, அந்த அடித்தளம் என்னிடம் இல்லை. அசைவு என்று வந்தால் இன்றும் தடுமாறுகிறேன்.

*

பாப்பா, பாசார் மாலாம்ல உன்னைய நிறுத்துனது நான்தான். மவளை எழுதச் சொல்லிச் சொல்றேன்.

உங்க அம்மா காண்டா தூக்குனதைப் படிச்சிக் காட்டுனா. நானும் தூக்கியிருக்கேன்மா. கண்ணு கலங்கிருச்சி.

என் பயம் என்னான்னா, ஈப்போவுல 2017ல அனிமேஷன் பூங்கா தொறந்தாங்க. இவனைக் கூட்டிட்டுப் போனோம். அன்னையிலேருந்துதான் இந்தப் பைத்தியம். 2020ல அதை இழுத்து மூடிட்டாங்க. அம்மாம் பெரிய எடமே நிக்கலியே, என் புள்ள எப்படி நிப்பான்? அவங்கப்பா டெக்னிக்கல் பக்கம் போவச் சொல்றாரு. இவன் உயிரியல் நோட்டுல ஓரத்துல குட்டிக் குட்டியா மனுசனை வரைஞ்சி வச்சிருக்கான். வெரலால சர்ருன்னு விட்டா ஓடுறான் அந்த மனுசன். அடிச்சேன். அப்புறம் ராத்திரி தூங்குனப்புறம் நானே எடுத்து விட்டுப் பார்த்தேன்.

*

அம்மா, உங்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை எழுதினீர்கள்.

பூங்கா வேறு, இந்தத் தொழில் வேறு அம்மா. அது ஆட்கள் டிக்கெட் வாங்கி வந்தால்தான் நடக்கும். இங்கே வேலை கடல் தாண்டியும் வருகிறது. நிறுவனம் மூடும், அதை நான் இரண்டு தடவை பார்த்தேன். கை கற்ற வேலை கூடவே வரும், அடுத்த இடத்துக்கு.

அவசரப்பட்டு எந்தக் கல்லூரிக்கும் பதிவுப் பணம் கட்டாதீர்கள். பாடத்துக்கு அரசாங்கத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. அடுத்து, போன ஆண்டு முடித்தவர்களின் ஷோரீலைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தையும் புதுக் கணினிகளையும் சுற்றிக் காட்டுவார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மாணவர் செய்த வேலையில் எடை தெரிகிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன், கூடவே வருகிறேன். டிஜிட்டல் பலகை வாங்கிக் கேட்டால் இப்போது வாங்கித் தராதீர்கள். தாளும் பென்சிலும் போதும்.

பின்னணி செய்கிற தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விளக்கு மேசை என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. லீவுக்கு ஊருக்கு வந்தால் வா, பந்திலிருந்து தொடங்கலாம். எனக்குக் கோப்பு ஒழுங்கு சொல்லிக் கொடு, என் கணினியைத் திறந்து பார்த்தால் உனக்கே அழுகை வரும்.

அம்மா, சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவனைக் கூட்டி வாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் இரண்டாவது சந்திப்பு, வாசலில் பழைய காண்டா சாத்தியிருக்கும். சான்றிதழ் எதுவும் வேண்டாம். அந்த உயிரியல் நோட்டை மட்டும் கிழிக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள்.