மும்பைக்குப் புதுசா வந்திருக்கீங்களா? கூப்பிட்டால் வருகிறவர் யார் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

மும்பையில் வந்து இறங்கிய ஒரு மாதத்துக்குள் பத்துப் பேராவது நெருக்கமாகிவிடுவார்கள். ஆபீஸில் கூட உட்கார்ந்து சாப்பிடும் தமிழ்க்காரர், தினமும் அதே லோக்கல் ரயிலில் இடம் பிடித்து வைக்கிறவர், "எதுன்னாலும் ஒரு போன் போடுங்க" என்கிற காலேஜ் சீனியர். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் இந்த ஊரில் நட்பு பெரும்பாலும் அந்தந்த இடத்தோடு நின்றுவிடும். வருஷக்கணக்கில் ஒரே ரயில் பெட்டியில் டிபனைப் பகிர்ந்து சாப்பிட்டவர்களுக்கே ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது. அந்த நெருக்கத்தை நம்பி, ஆள் நேரில் வந்தே தீரவேண்டிய வேலையை ஒப்படைக்கும்போதுதான் அடி விழுகிறது.

அப்படி முதலில் வருவது வாடகை வீடு. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி லீவ் அண்ட் லைசன்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். ஆன்லைன் பதிவில் வீட்டுக்காரர், நீங்கள், இரண்டு சாட்சிகள் எல்லோரும் ஆதாரோடு விரல்ரேகை வைக்கவேண்டும். ஒரு சாட்சி கடைசி நேரத்தில் "மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன்" என்றால் அன்றைய வேலை கெட்டது. அதனால் மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள்; சாட்சி ஏற்பாடு செய்வாரா என்று புரோக்கரிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

பெரிய தேவை வரும்வரை காத்திருக்காமல், சின்ன உதவியாகக் கேட்டுப் பாருங்கள். "ஒருநாள் வாங்களேன்" என்று கேட்டால் "கண்டிப்பா" என்ற பதில்தான் வரும், அதில் ஒன்றும் தெரியாது. இப்படி அனுப்புங்கள்: "சனிக்கிழமை காலை 10 மணி, செம்பூர் ஸ்டேஷன் பக்கம் என் வீடு. கட்டில் இறக்கணும், ஒரு மணி நேர வேலை. முடியுமா? வெள்ளி ராத்திரிக்குள்ள சொல்லுங்க." வெள்ளிக்கிழமையே "முடியாது" என்று சொல்கிறவர் நம்பத்தக்க ஆள். "முடியல, ஞாயிறு வரட்டுமா?" என்கிறவரை விட்டுவிடாதீர்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை போனையும் எடுக்காமல், திங்கட்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்துப் பேசுகிறவர்தான் கூப்பிட்டால் வராத ஆள். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு கட்டவேண்டாம். மூன்று தடவை அப்படியே நடந்தால் நான்காவது முறை கேட்காதீர்கள். சண்டையும் வேண்டாம். டீ குடிக்க, சினிமா போக அவர் இருக்கட்டும்.

தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், இது முக்கியம். வசாயிலிருந்து முலுண்ட் வர ஒருவர் வெஸ்டர்ன் லைன் ரயிலில் தாதர் வந்து, சென்ட்ரல் லைனுக்கு மாறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (பராமரிப்புக்காகப் பாதையை அடைத்து ரயில்களை நிறுத்துவது) இருந்தால் இன்னும் திண்டாட்டம். ஞாயிறு யாரையாவது கூப்பிடும் முன் பிளாக் அறிவிப்பைப் பாருங்கள். மனசு இல்லாதவரும் வழி இல்லாதவரும் ஒன்றல்ல.

ஆஸ்பத்திரி விஷயத்தில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. நள்ளிரவு தாண்டி ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை லோக்கல் ஏறக்குறைய ஓடாது. தூரத்துப் புறநகரான கல்யாணில் இருக்கிற உயிர் நண்பனைவிட அடுத்த ஃப்ளாட்காரர்தான் அப்போது வந்து நிற்க முடியும். 2024இல் வந்த ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் வசதியில், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம்தான் கெடு. ஆனாலும் பில்லிங் கவுண்டரில் நின்று விசாரிக்க ஒருவர் வேண்டும். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், இன்சூரன்ஸ் பாலிசி நகல் வைத்திருக்க ஒருவர் என்று பெயர் சொல்லிக் கேட்டு, சம்மதம் வாங்கி வையுங்கள். நாலு பேருக்குப் பொதுவாகச் சொன்னால் இன்னொருவர் போவார் என்று நாலு பேரும் இருந்துவிடுவார்கள்.

வருகிற ஆட்களை எங்கே பிடிப்பது? வேலை நடக்கிற இடத்தில். செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலிலோ மாட்டுங்கா கோவில்களிலோ விசேஷ நாளில் பந்தியில் பரிமாறப் போய் நில்லுங்கள். கடைசிவரை நின்று பாத்திரம் தூக்குகிறவர்களோடு பழகுங்கள். அவர்கள் வீடு மாற்றும்போது நீங்களும் சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு மாற்றுச் சாவி, உங்கள் குடியிருப்பின் சொசைட்டி செக்ரட்டரியிடம் ஊரில் உள்ள வீட்டு போன் நம்பர், இரண்டையும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.