வீட்டு குரூப்பில் ஒரு சொல்: ‘நெஷ்’

டெர்பி அக்கா: பெரியப்பா, ஒரு சொல்லு கேக்கணும். இங்க இங்கிலாந்து டெர்பில நான் பாத்துக்கிடுத வயசானவங்க போர்வையை இழுத்துக்கிட்டு “ஐ ஆம் எ பிட் நெஷ்”ங்காங்க. அகராதி ஆப்ல தேடினா ‘வட்டாரச் சொல், மென்மையான’னு மட்டும் வருது. மென்மைக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?

பெரியப்பா: நல்ல சொல்லா பிடிச்சிருக்க தாயி. முதல்ல உச்சரிப்பு: குறில்தான், நெஷ். நேஷ்னு நீட்டக் கூடாது. குளிர் தாங்காத உடம்புக்காரங்களைச் சொல்லுதது. டெர்பிஷயர், நாட்டிங்ஹம்ஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர், செஷயர், ஷெஃபீல்டு பக்கமெல்லாம் இன்னும் புழக்கத்துல இருக்கு.

பெரியப்பா: ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்ல இது ‘ஹ்னெஷ்ஷெ’. எழுத்து எச்-என்-இ-எஸ்-சி-இ. அப்ப பொருள் வெறும் ‘மெத்துனு இருக்கது’. துணி, இளந்தளிர், பழம் எதுக்கும் சொல்லலாம். அங்கருந்து ‘வலுவில்லாத உடம்பு’க்கு வந்து, பிறகு ‘குளிர் பட்டா தாங்காத உடம்பு’ன்னு சுருங்கிடுச்சு. இன்னொரு கிளை ‘பயந்தாங்கொள்ளி’ பக்கம் போச்சு. ‘நெஷ்’னு வினையாவும் உண்டு, துணிச்சலில்லாம பின்வாங்குததுன்னு அர்த்தம்.

தம்பி: ஹ்னெஷ்ஷெ எப்படி நெஷ் ஆச்சு? ரெண்டு சத்தத்தைக் காணோமே.

பெரியப்பா: ரெண்டும் ஒழுங்கான மாற்றம்தான் தம்பி. சொல் முதல்ல ‘ஹ்’ வந்து, அடுத்து ன், ல், ர் இருந்தா அந்த ‘ஹ்’ உதிர்ந்துடும். ஹ்னுடு → நட். ஹ்ரிங் → ரிங். ஹ்லாஃப் → லோஃப். கடைசி ‘எ’ இடைக்காலத்துல தேஞ்சு போச்சு. எஸ்-சி எழுத்து ‘ஷ்’ ஆகுததுக்கு ஃபிஷ், டிஷ், ஷிப் எல்லாமே சாட்சி.

தம்பி: அப்ப நம்ம ‘நொய்’யும் இதுவும் ஒண்ணா? நொய்ய உடம்பு, நொய்யரிசி. சத்தமும் பொருளும் அப்படியே பொருந்துதே!

பெரியப்பா: இங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. இன்னிக்கு இருக்க சத்தத்தை வச்சு ஒப்பிடவே கூடாது, கிடைக்கதுல பழைய வடிவத்தை வச்சுதான் ஒப்பிடணும். பழைய வடிவத்துல முன்னால ‘ஹ்’ இருக்கு. இங்கிலீஷ், ஜெர்மன் எல்லாம் சேர்ந்த ஜெர்மானிய மொழிகள்ல சொல் முதல்ல வார ‘ஹ்’, அதுக்கும் முந்தி ‘க்’. லத்தீன் கோர்னு, இங்கிலீஷ் ஹார்ன். லத்தீன் கெண்டும், இங்கிலீஷ் ஹண்ட்ரட். அப்ப நெஷ்ஷோட மூலம் ‘க்ன்’னு தொடங்கியிருக்கணும். நொய்யில அந்த ‘க்’குக்கு இடமே இல்ல. உறவு கிடையாது.

தம்பி: ‘நைஸ்’ கூடவும் இல்லையா?

பெரியப்பா: இல்ல. நைஸ் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’லருந்து பிரெஞ்சு வழியா வந்தது. முதல் பொருள் ‘அறியாதவன்’. எழுத்துல பாத்தா நெஷ்ஷுக்கு அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா குடும்பமே வேற.

அத்தை: அண்ணன், மத்தேயு 11:8ல ‘மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ’ன்னு வருதே, அந்த ‘மெல்லிய’தானே இது?

பெரியப்பா: அதேதான் தங்கச்சி, சரியான இடத்தைத் தொட்டுட்ட! அந்த ஒரு வசனம் போதும். சுமார் 990ல எழுதின பழைய இங்கிலீஷ் சுவிசேஷத்துல அந்த இடத்துல ‘ஹ்னெஷ்ஷும்’னு இருக்கு. அதுக்கு 600 வருஷம் முந்தி உல்ஃபிலாங்க பிஷப் காதிக்ங்க பழைய ஜெர்மானிய மொழிக்குக் கொண்டுபோன வேதாகமத்துல அதே வசனத்துல ‘ஹ்னாஸ்க்வ்யைம்’. ரெண்டு மொழி, ஒரே வசனம், ஒரே சொல்! அந்தக் காதிக் ஏடு வெள்ளி மையால ஊதாத் தோல்ல எழுதினது, இன்னிக்கும் சுவீடன் உப்சாலால இருக்கு. மத்தேயு 24:32ல அத்திமரத்தோட இளங்கிளைக்கும் பழைய இங்கிலீஷ்ல ‘ஹ்னெஷ்ஷெ’தான்.

அத்தை: அல்லேலூயா. டெர்பில போர்வைக்குள்ள கிடக்க சொல்லு அத்திமரத்துல துளிர்த்ததா!

டெர்பி அக்கா: பெரியப்பா, இன்னொண்ணு. சிலர் “ஐ ஆம் ஸ்டார்வ்டு”ங்காங்க, சாப்பாடு கொண்டு போனா வேண்டாங்காங்க. இதுவும் வட்டார வழக்கா?

பெரியப்பா: ஆமா தாயி, வயசானவங்களைப் பாத்துக்கிடுத வேலை செய்யுத எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். ‘ஸ்டார்வ்’ பழைய இங்கிலீஷ்ல ‘சாகுதது’. ஜெர்மன் ‘ஷ்டெர்பன்’ இன்னும் அதே பொருள்தான். பொது இங்கிலீஷ்ல பசியால சாகுததுன்னு சுருங்கிச்சு. இங்கிலாந்து வடக்கிலயும் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ்லயும் குளிரால சாகுததுன்னும் நின்னுச்சு. பழைய ஆளுங்க “ஸ்டார்வ்டு”ன்னா ‘விறைச்சுப் போயிட்டேன்’னு இருக்கலாம். அவங்க பசிக்குத் தனிச் சொல் ‘கிளெம்டு’. ‘இறுக்கிப் பிடிக்கது’ங்கதுலருந்து வந்தது, வயிறு ஒட்டிக்கிடுததை நினைச்சுக்கோ.

டெர்பி அக்கா: அப்ப நெஷ்ஷும் ஸ்டார்வ்டும் ஒண்ணுதானா?

பெரியப்பா: இல்ல. நெஷ் அவங்க சுபாவம், எப்பவுமே குளிர் தாங்க மாட்டாங்க. ஸ்டார்வ்டு இந்த நிமிஷத்து நிலைமை. “நெஷ்”னா கூடுதல் போர்வை எப்பவும் கைக்கெட்ட இருக்கணும். “ஸ்டார்வ்டு”ன்னா உடனே கையைத் தொட்டுப் பாத்து, குளிரா பசியான்னு கேட்டுரு. இன்னொண்ணு, அவங்க தன்னைத்தானே நெஷ்னு சொல்லிக்கிடலாம். நீ அவங்களைச் சொன்னா ‘சொகுசு உடம்பு’ன்னு கேலி பண்ணுத மாதிரி ஆயிடும்.

தம்பி: இதையெல்லாம் நானே எங்க தேடுதது பெரியப்பா?

பெரியப்பா: ஜோசப் ரைட்டோட ‘இங்கிலீஷ் டயலெக்ட் டிக்‌ஷனரி’. 6 தொகுதி, 1898லருந்து 1905 வரை. பிராட்ஃபோர்டு பக்கத்துல ஆலைல வேலை பாத்த பையன், 15 வயசு வரை எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டுல பேராசிரியர். நான் பெரிசா மதிக்க மனுஷன். இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகம் அதை இணையத்துல போட்டுருக்கு. தேடும்போது முதல்ல எந்த மாவட்டத்துச் சொல்னு காட்டுத சுருக்கத்தைப் பாரு, அப்புறம் எண் போட்ட பொருள்களை ஒவ்வொண்ணா வாசி. முதல் பொருளை மட்டும் பாத்துட்டு மூடிடாத, அக்கா ஆப் பண்ணின தப்பு அதுதான். அது 1900 வாக்குல உள்ள நிலவரங்கதையும் மறக்காத. பிந்தின நிலைக்கு லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950லருந்து 1961 வரை 313 ஊர்ல எடுத்த வட்டார வழக்கு ஆய்வு இருக்கு.

டெர்பி அக்கா: சரி பெரியப்பா. இனிமே குறிப்பேட்டுல அவங்க சொன்ன சொல்லை அப்படியே எழுதி, பக்கத்துல ‘குளிர்’ இல்லைன்னா ‘பசி’ன்னு கேட்டுப் போடுதேன். அடுத்து ‘மார்டி’ன்னா என்னன்னு சொல்லணும்.

பெரியப்பா: மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடுதது. மிச்சம் சாப்பிட்டுட்டு வந்து சொல்லுதேன்.