ஒளிப்படிக அலைவழிகாட்டியின் வளைவில் ஒளி எங்கே போகிறது?

பண்டாரவளை மாணவி:
வணக்கம். பேராதனையில் பௌதிகவியல் இறுதியாண்டில் கற்கிறேன். சிலிக்கனில் முக்கோண அணியாகக் காற்றுத் துளைகளை அமைத்து ஒளிப்படிகமாக்கி, ஒரு வரிசையை மட்டும் துளையிடாமல் விட்டு உருவாக்கும் அலைவழிகாட்டியை, அதாவது ஒளி செல்லும் பாதையை, மீப் என்ற ஒளிக் கணிப்பு மென்பொருளில் இருபரிமாணமாகக் கணித்து வருகிறேன். நேர்ப்பாதையில் ஒளி குறையின்றிச் செல்கிறது. பாதையை 60 பாகை திருப்பியதும், 1550 நானோமீற்றரை அண்டிய பல அலைநீளங்களில் பாதி வலுகூட மறுமுனைக்கு வருவதில்லை. மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் போல வளைவை அகலமாக்கினால் சரியாகும் என்று எண்ணி, மூலையைச் சிறு படிகளாக உடைத்துப் பார்த்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒளி எங்கே கசிகிறது?

ஹட்டன் ஆசிரியர்:
மகள், "கசிகிறது" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். சாதாரண ஒளியிழையில் ஒளியைப் பிடித்து வைத்திருப்பது முழுவுட்தெறிப்பு. இழையை இறுக்கி வளைத்தால் ஒளி வெளியேறிவிடும் என்பதால்தான் அங்கே வளைவை அகலமாக்குகிறோம். ஒளிப்படிகத்திலோ, பட்டை இடைவெளிக்குள், அதாவது படிகம் தடுக்கும் மீடிறன் வீச்சுக்குள், அமைந்த ஒளி துளைகள் நிறைந்த பகுதியில் பரவவே முடியாது. தேயிலைச் செடிகள் கிளை பின்னி நிற்கும் மலையில், முதுகில் கூடையுடன் நிரை விட்டு நிரை தாண்ட முடியாதல்லவா? நிரை போகும் வழியே போக வேண்டும், அல்லது வந்த வழியே மீள வேண்டும். உங்கள் கணிப்பில் சுற்றிலும் போதிய துளை வரிசைகள் இருந்தால், குறைந்த வலு முழுவதும் தெறித்துத் திரும்பியிருக்கும். நுழைமுனையில் பின்னோக்கிய பாயத்தை, அதாவது திரும்பி வரும் ஒளி வலுவை, அளந்து பாருங்கள்.

1996இல் மெக்கிஸ், ஜோவனோபுலஸ் முதலிய ஆய்வாளர்கள் சதுர அணியில் நிறுத்திய கோல்களைக் கொண்டு 90 பாகை வளைவை ஆராய்ந்தபோது, வளைவையே வேறு அலையெண் (ஓரலகு நீளத்தில் அடங்கும் அலைகளின் அளவு) கொண்ட ஒரு குறுகிய இடைத்துண்டாகக் கருதினர். அத்துண்டின் இரு முனைகளிலும் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் மீடிறனிலும், துண்டின் அலையெண்ணும் பாதையின் அலையெண்ணும் சமமாகும் மீடிறனிலும் தெறிப்பு பூச்சியமாகிறது. அழுத்தக் கிணற்றைத் தாண்டும் இலத்திரனுக்கு நீங்கள் குவாண்டம் பாடத்தில் செய்த கணக்கேதான் இது. அகன்ற மீடிறன் வீச்சில் 95 சதவீதத்துக்கு மேல் ஒளி கடக்கும் என்று அவர்கள் கணித்துக் காட்டினர். 1998இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் அலுமினாக் கோல்களையும் மில்லிமீற்றர் அலைகளையும் கொண்டு இதைப் பரிசோதனையாகவும் செய்தார்கள். இந்த அழகிய கணக்கை நீங்கள் ஒரு முறையேனும் கையால் செய்து பார்க்க வேண்டுமென்பது என் ஆசை.

உங்கள் படிகள் ஏன் கெடுதல் செய்தன என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு படியும் தெறிக்கும் புதிய முகம் ஒன்றைச் சேர்த்தது. மூலையில் பாதை அகன்றுவிடுவதால் நேர்ப்பாதையில் இல்லாத அலைவடிவமும் (ஒளி பரவும் கோலமும்) அங்கே தூண்டப்படுகிறது. ஆகவே மூலையைப் பெரிதாக்காமல், அதன் வெளிப்புறத்தில் ஒரு சிறு துளையைச் சேர்த்தோ, உட்புறத் துளை ஒன்றிரண்டைச் சற்று நகர்த்தியோ பாருங்கள். 2004இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் மூலைத் துளைகளின் வடிவத்தைக் கணினியிடமே விட்டபோது, வட்டத்தை விட்டு விலகிய வடிவங்களே கிடைத்தன.

கண்டிப் பொறியியலாளர்:
ஆசிரியர் ஐயா கூறியது இருபரிமாணத்தில் முற்றிலும் சரி. ஆனால் துளைகள் இடப்படும் மெய்யான சிலிக்கன் தகடு சுமார் 220 நானோமீற்றர் தடிப்பே உடையது. மேலும் கீழும் ஒளியைக் காப்பது மீண்டும் முழுவுட்தெறிப்புத்தான். ஆதலால் வளைவில் அலைவடிவம் குலையும்போது ஒரு பகுதி செங்குத்தாகத் தப்பிவிடும். அலைவடிவத்தின் பட்டை விளிம்புக்கு, அதாவது அது பரவக்கூடிய மீடிறன் எல்லைக்கு, அருகே ஒளி மெதுவாகச் செல்லும் மீடிறன்களில் துளைச் சுவர்களின் சிறு கரடுமுரடும் பெரிய இழப்பாகிவிடும் என்பதால், அவ்விடத்தைத் தவிர்த்து வடிவமையுங்கள்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், தங்கச்சி. ஒளியைத் திருப்புவது மட்டுமே நோக்கமானால், சாதாரண சிலிக்கன் கம்பி அலைவழிகாட்டி சில மைக்ரோமீற்றர் ஆரையிலேயே மிகக் குறைந்த இழப்புடன் வளையும். மெதுவாகச் செல்லும் ஒளியோ, ஒளியைச் சிறைப்பிடிக்கும் நுண்குழிகளோ அதே படிகத்தில் தேவைப்படும் இடத்தில்தான் உங்கள் வளைவுக்கு உண்மையான பெறுமதி உண்டு. அறிக்கையின் முன்னுரையில் அதை எழுதுங்கள்.

பண்டாரவளை மாணவி:
மிக்க நன்றி. பின்னோக்கிய பாயத்தை அளந்தேன். கடந்ததும் தெறித்ததும் சேர்ந்து உள்ளிட்ட வலுவுக்கு ஏறத்தாழச் சமமாக வந்தன. படிகளை நீக்கி, மூலையின் வெளிப்புறத்தில் ஒரேயொரு சிறு துளையைச் சேர்த்ததும், கடத்தல் வளையியில் ஊசிமுனையாக நின்ற உச்சி அகன்றுவிட்டது. துளையின் ஆரையைச் சிறிது சிறிதாக மாற்றி, இன்றிரவு முழு வீச்சுக்கும் கணிப்பை ஓட விடுகிறேன். அதன் பின் முப்பரிமாணத் தகட்டைத் தொடங்குவேன்.